ஒரே ஈட்டுத் தோட்டா

அத்தியாயம் 5

"திருடன் முட்டாள் பாஸ். எட்டுப் பெட்டியை எடுத்தவன் மூணை விட்டுட்டுப் போயிருக்கான். இந்த மாதிரி ஆளு தானே வந்து மாட்டுவான். அதுக்குள்ள நாம போய் ஆப்பிள் பை சாப்பிட்டுட்டு வரலாம்" என்றான் ஆர்லோ.

அப்போது கார்னெட் இரிபார்ன் பூட்டு உடைக்கப்பட்ட வேனுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். வயோமிங் மாநிலத்தில் மாட்டுச் சூட்டுக்குறி பார்க்கும் அதிகாரியாக இருபது வருஷம் வெயிலில் காய்ந்தவள் அவள். ஒரு மாட்டின் தொடையைப் பார்த்தே அது யார் வீட்டு மாடு, எவன் குறியை மாற்றிச் சுட்டான் என்று சொல்லிவிடுவாள். இப்போது தனியார் துப்பறிவாளர். மாடுகள் போய் மனிதர்கள் வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாடு பொய் சொல்லாது.

"முட்டாளா?" என்று தலையை வெளியே எடுத்தாள். கையில் திருடன் விட்டுப்போன தோட்டாப் பெட்டி. "இந்த மூணும் அதே கம்பெனி, அதே படம், அதே விலை. அப்புறம் ஏன் விட்டான்?"

"கை நிறைஞ்சு போச்சோ என்னவோ."

"உன் மூளை நிறையாத வரைக்கும் எனக்குக் கவலை இல்ல" என்றவள், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம் திரும்பினாள். "ட்ரூடி, நீ சொல்லு."

ட்ரூடி வெஸ்கோட் கம்பளி நூல் கடை வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டிய பிறகு, போன குளிர்காலத்தில்தான் முதல்முதலாகத் துப்பாக்கி வாங்கினாள். அப்படிப்பட்டவள் நேற்று இதே ரெட் வாஷ் மைதானத்தில், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் தொங்கும் தாம்பாளத்தளவு இரும்புத் தகட்டைத் திரும்பத் திரும்ப அடித்து, கடைத் தோட்டாப் பிரிவில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு விதிதான். தொழிற்சாலையில் அடைத்து, கடையில் வாங்கிய தோட்டாவைத்தான் சுட வேண்டும். வீட்டில் வெடிமருந்தை நிறுத்துக் கையால் அடைத்த தோட்டா கூடாது.

நடுவர் ஹார்லன் பக் அதைத்தான் பிடித்துக்கொண்டார். கடைத் தோட்டா இவ்வளவு ஒழுங்காகப் பறக்காது, இவள் கையால் அடைத்துப் பழைய பெட்டியில் போட்டு ஏமாற்றியிருக்கிறாள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். இன்று நண்பகலில் அதே தோட்டாவைப் பிரிக்காத பெட்டியோடு கொண்டுவந்து அவர் கண் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போகும். ட்ரூடி இந்த மாநிலத்தில் எந்தச் சங்கத்து மைதானத்திலும் ஆயுசுக்கும் கால் வைக்க முடியாது. "ஒரு நடுவர் போதுமா? பத்துப் பேரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள் ட்ரூடி. விடிந்து பார்த்தால் வேன் பூட்டு உடைந்து கிடக்கிறது, பிரிக்காத எட்டுப் பெட்டியும் மாயம்.

"பெட்டி மூடி மடிப்புல நம்பர் இருக்கும், பாருங்க" என்றாள் ட்ரூடி. "இந்த மூணுல இருக்கிற நம்பர் வேற. திருட்டுப் போன எட்டுல இருந்த நம்பர் வேற."

"நம்பர்ல என்னங்க இருக்கு?" என்றான் ஆர்லோ.

"நீங்க ஸ்வெட்டர் பின்னினதே இல்லையா?"

"எனக்கு ஷூ லேஸே தகராறு."

"ரெண்டு உருண்டை சிவப்பு நூல் வாங்குங்க. ஒண்ணு முந்தாநாள் சாயத்துல முக்கினது, ஒண்ணு நேத்து முக்கினது. கடை வெளிச்சத்துல ரெண்டும் ஒரே சிவப்பு. பின்னிப் போட்டுட்டு வெயில்ல இறங்கினா ஒரு கை ஒரு நிறம், இன்னொரு கை இன்னொரு நிறம். அதனால நாங்க எப்பவும் ஒரே சாய நம்பர் பாத்துத்தான் வாங்குவோம். தோட்டாவும் அப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணிச்சு."

இட்லியில் ஈடு என்று சொல்கிறோமே, அதே சங்கதிதான். ஒரே மருந்து, ஒரே குண்டு, ஒரே ஓட்டமாக இயந்திரத்தில் அடைத்து இறங்குவது ஓர் ஈடு. அடுத்த ஈட்டில் மருந்து ஒரு மயிரிழை மாறினாலும் கிட்டத்தில் தெரியாது. ஆயிரம் கஜம் போவதற்குள் குண்டு ஓர் அடி கீழே இறங்கிவிடும்.

"நாலு கம்பெனித் தோட்டாவுல ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். நூறு கஜத்துல பத்துப் பத்தா சுட்டேன். எல்லாத்தையும் விட விலை கூடினது மூணு விரல் அகலம் சிதறிச்சு. இந்த நம்பர் மட்டும் ஒரு கோட்டுப் பட்டன் அளவு ஓட்டைக்குள்ளயே போய்ச் சொருகிக்கிச்சு. உடனே கடைக்கு ஓடி, அந்த நம்பர்ல வந்திருந்த சரக்கு மொத்தத்தையும் வாங்கிட்டேன். ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது" என்றாள் ட்ரூடி.

"இந்த மூணு பெட்டியை வெச்சு இன்னிக்குச் சுட்டா?"

"காலையில சுட்டுப் பாத்தேன். ஒண்ணு தகட்டுக்கு மேல, ஒண்ணு கீழ. துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரிப்படல."

கார்னெட் பெட்டியை ஆர்லோவின் மார்பில் வைத்து அழுத்தினாள். "பாத்தியாடா? திருடன் முட்டாள் இல்ல. நம்பர் படிச்சு எடுத்திருக்கான். நம்பருக்கு மதிப்பு உண்டுன்னு தெரிஞ்ச ஆளு."

அப்போதுதான் வெள்ளை மீசையும் வைக்கோல் தொப்பியுமாக ஒருவர் மூச்சு வாங்க வந்தார். ஓரின் டீல். கடைத் தோட்டாப் பிரிவில் வருஷா வருஷம் கோப்பை வாங்கி, நேற்று ட்ரூடிக்கு அடுத்ததாக வந்தவர். ஆனால் முகத்தில் பொறாமையின் சுவடே இல்லை. ட்ரூடிக்கு முதலில் பாயில் குப்புறப் படுத்துச் சுடக் கற்றுக்கொடுத்ததே அவர்தானாம்.

"ட்ரூடிம்மா, கேள்விப்பட்டேன். மனசே ஆறல" என்று அவள் தோளைத் தொட்டார். "விட்டுடும்மா. அந்தக் கோப்பையை நானா கேட்டேன்? பக் கிட்ட ஒரு மன்னிப்புச் சொல்லிட்டு வீட்டுக்குப் போ. வருஷம் திரும்பினா எல்லாரும் மறந்துடுவாங்க."

"செய்யாததுக்கு மன்னிப்பா?" ட்ரூடி தோளை விலக்கிக்கொண்டாள். "நான் மறக்க மாட்டேனே ஓரின். தோட்டா இல்லேன்னா வெறும் துப்பாக்கியோட போய் நிப்பேன். விரட்டினா அங்கயே உக்காருவேன்."

ஓரின் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நல்ல மனுஷன் என்று ஆர்லோ நினைத்துக்கொண்டான். ஆர்லோ நல்ல மனுஷன் என்று நினைத்தவர்களில் மூன்று பேர் இப்போது சிறையில் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

"அவர்தான் உனக்குத் தோட்டா வாங்கச் சொல்லிக் குடுத்தாரா?" என்றாள் கார்னெட்.

"கேட்டேன். எதுவா இருந்தாலும் பரவாயில்ல, மலிவா கிடைக்கிறதை வாங்கு, மடிப்புல இருக்கிற நம்பர் கம்பெனிக்காரன் கணக்குக்கு, நமக்கு இல்லேன்னார். எனக்கு மனசு ஒப்பல. நானே சுட்டுப் பாத்துக்கிட்டேன்."

கார்னெட் தொப்பியைச் சரிசெய்தாள். "வாடா ஆர்லோ. இன்னிக்கு நான் துப்பாக்கி வாங்கப் போறேன்."

"பாஸ், சம்பளம் கேட்டா நேராவே இல்லேன்னு சொல்லிடுங்க. சுட வேணாம்."

முதலில் பக்கின் கூடாரம். உள்ளே தராசும் மருந்துச் சீசாக்களும் தோட்டா அடைக்கும் இயந்திரமுமாக ஒரு பட்டறையே நடந்துகொண்டிருந்தது. கையால் அடைக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கடைத் தோட்டாவை வைத்து ஒரு நூல்காரி ஜெயித்துவிட்டால் அவர் பிழைப்பில் மண். ஆர்லோவுக்கு அப்போதே சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவர்தான்.

"பக், எனக்கும் இதுல ஆசை வந்துடுச்சு. கடையில எந்தத் தோட்டா வாங்கட்டும்?" என்றாள் கார்னெட்.

"எதையும் வாங்காதே!" பக் சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். "கடையில விக்கிறது பூரா குப்பை. என்கிட்ட வா, மூணு வாரத்துல அடைக்கக் கத்துக் குடுக்கறேன்."

"ஒரே நம்பர் பாத்து வாங்கினா நல்லதுன்னாங்களே?"

"குப்பையில முதல் நம்பர் குப்பை, ரெண்டாம் நம்பர் குப்பைன்னு இருக்கா? எல்லாம் ஒரே நாத்தம்தான்." அவர் ஆர்லோவைப் பார்த்து, "ஏன் இந்தப் பையன் வாடி வதங்கி நிக்கிறான்? அந்தப் பெட்டியில சோடா கிடக்கு, எடுத்துக் குடி!" என்று அதட்டினார்.

மூலையில் ஓர் ஐஸ் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்லோ கடமை உணர்வோடு முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். ஐஸ், சோடா, மறுபடியும் ஐஸ். தோட்டா இல்லை. கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

"ஒரு சோடா எடுக்க இவ்வளவு நேரமா? உள்ளே மீன் பிடிக்கிறியா?" என்றார் பக்.

அடுத்தது ஓரின். வெள்ளைத் துணிப் பந்தலின் கீழே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதியம் மாநில அணிக்கான சுற்று இருக்கிறதாம். காலடியில் நீல நிற ஐஸ் பெட்டி. ஒரு சோடாவில் அடங்குகிற தாகமா ஆர்லோவுடையது?

"ஐயா, அதுல ஜில்லுன்னு ஏதாவது இருக்குமா?"

"காலிப்பா. நானே தேவாலயத்துப் பெண்கள் கடையில லெமனேட் வாங்கிக் குடிச்சுக்கிட்டிருக்கேன்" என்று காகிதக் குவளையைத் தூக்கிக் காட்டினார். சூரியன் பந்தலின் ஓரத்தைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தது. ஓரின் பேச்சோடு பேச்சாகப் பெட்டியைக் காலால் நிழலுக்குள் தள்ளிக்கொண்டார்.

கார்னெட் அதே கேள்வியை எடுத்தாள். ஓரினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்துப் பந்தல்காரர்கள் இரண்டு பேர் காது கொடுத்ததும் குரல் இன்னும் கம்பீரமானது.

"முதல்ல வேட்டைத் தோட்டா பக்கம் போகாதீங்க. போட்டிக்குன்னு செஞ்சதா பாத்து எடுங்க. பெட்டி மேல போட்டிருக்கிற வேகத்தை அப்படியே நம்பிடாதீங்க. அவன் நீளக் குழல்ல சுட்டு எழுதினது, உங்க குழல் குட்டையா இருக்கும், வேகம் குறையும். நாலு வகையில ஒவ்வொரு பெட்டி வாங்குங்க. மூணு குண்டு ஒட்டி விழுந்ததும் குதிக்காதீங்க, பத்தாவது சுடுங்க. துப்பாக்கிக்கு எது பிடிக்குதோ, அதே நம்பர்ல கையில இருக்கிற காசு பூராவும் போட்டு வாங்கி வெச்சுக்குங்க. நம்பர் மாறிச்சுன்னா எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ரொம்ப நன்றி ஓரின். இவ்வளவு தெளிவா யாருமே சொல்லல" என்றாள் கார்னெட்.

வெளியே வந்ததும் ஆர்லோ கிசுகிசுத்தான். "எவ்வளவு அருமையா சொல்லிக் குடுக்கறாரு பாருங்க. இவரை வெச்சுப் புத்தகமே போடலாம்."

"ட்ரூடிக்கு மட்டும் ஏன் வேற புத்தகம் குடுத்தார்?"

ஆர்லோ நின்றுவிட்டான். வாயில் கேலி ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

"நான் அவரை ஜெயிக்கப் போறதில்ல. எனக்கு உண்மையைச் சொன்னா நஷ்டம் இல்ல, நாலு பேர் கேட்டா பெருமை" என்றாள் கார்னெட். "ஆனா இது வெறும் பேச்சு. பேச்சை வெச்சு யாரையும் பிடிக்க முடியாது. சரக்கு வேணும்."

"திருடினவன் இந்நேரம் ஆத்துல போட்டிருப்பானே பாஸ்?"

"நீயும் நானும் போட்டிருப்போம்" என்றாள் கார்னெட். "பாக்கலாம் வா."

நண்பகல். சுடுமேடையைச் சுற்றி நூறு பேர் கூடிவிட்டார்கள். காற்று புழுதியைத் தூக்கி எல்லோர் லெமனேடிலும் போட்டது. ட்ரூடி பாயை விரித்து, துப்பாக்கியை அதன் மேல் வைத்து, பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"பெட்டி எங்கே?" என்றார் பக்.

"திருட்டுப் போச்சு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். ட்ரூடி அந்தப் பக்கம் திரும்பி, "சிரிச்சவங்க முன்னாடி வாங்க. முகத்தைப் பாத்துக்கறேன். என் கடைக்கு நூல் வாங்க வருவீங்க இல்ல?" என்றாள். ஒருவரும் முன்னால் வரவில்லை.

"பக், ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கார்னெட் முன்னால் வந்தாள். "ஆனா முட்டி வலி, நின்னு பேச முடியாது. ஓரின், உங்க காலிப் பெட்டியைக் கொஞ்சம் கடன் குடுங்க. ஆர்லோ, எடுத்துட்டு வந்து இங்க போடு."

ஓரின் வாயைத் திறப்பதற்குள் ஆர்லோ பெட்டியைத் தூக்கிவிட்டான். மேடைக்கு முன்னால், ஒரு புல்லின் நிழல்கூட விழாத கட்டாந்தரையில் தொப்பென்று வைத்தான். காலிப் பெட்டிக்கு இவ்வளவு கனமா என்று அவன் கேட்கப் போனான். கார்னெட் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

கார்னெட் சாவகாசமாக அதன் மேல் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். மாட்டுக் குறியைப் பற்றிப் பேசினாள். 1998ஆம் வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசினாள். தன் மாமன் ஒருவன் ஆட்டு மந்தையைத் தொலைத்த கதையை ஆட்டின் பெயர்களோடு சொன்னாள். ஜூலை வெயில் நீல மூடியில் பட்டு மினுங்கியது. கூட்டம் நெளிந்தது.

ஆர்லோ கதையைக் கேட்கவில்லை. ஓரினையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரின் கார்னெட்டைப் பார்க்கவில்லை, பக்கைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் மாட்டிக்கொண்டவர் மாதிரி தவித்தார்.

"கொஞ்சம் நிழல்ல உக்காந்து பேசலாமே" என்றார் ஓரின்.

"வெயில் என் எலும்புக்கு இதமா இருக்கு" என்றாள் கார்னெட். "அப்புறம் என் மாமன் இருக்கானே, அவனோட தம்பி..."

"எழுந்திரிங்க!" ஓரின் கத்தினார். "வெயில்ல வெக்காதீங்க, சூடாயிடும்!"

கார்னெட் எழுந்திருக்கவில்லை. "எது சூடாகும் ஓரின்? காலின்னீங்களே?"

அங்கே இருந்த நூறு பேரும் துப்பாக்கிக்காரர்கள். சூடேறிய தோட்டா வேகம் கூடி மேலே அடிக்கும் என்று நூறு பேருக்கும் தெரியும். ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டியில் எதை வைத்துக்கொண்டு ஒருவர் நிழலுக்கு நிழல் நகர்வார் என்பதும் தெரியும். அவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

பக் கிட்டே வந்ததும் கார்னெட் எழுந்து விலகினாள், அவர் மூடியைத் திறந்தார். துவாலையில் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி எட்டுப் பெட்டிகள். மடிப்பில் அந்த நம்பர்.

"இந்த நம்பரை மொத்தமா வாங்கினது நான் ஒருத்திதான். கடைக்காரர் இங்கதான் நிக்கிறார், கேளுங்க" என்றாள் ட்ரூடி. பிறகு ஓரின் பக்கம் திரும்பினாள். "போன மாசம் நீங்க கேட்டீங்கன்னு ஒரு பெட்டி சும்மா குடுத்தேனே ஓரின்."

"அதுதான் வினையாப் போச்சு" என்றார் ஓரின். இவ்வளவு நேரமும் மலர்ந்திருந்த முகம் சுருங்கிவிட்டது. "என் துப்பாக்கிக்கும் இதுதான் பிடிச்சது. இருபது வருஷத்துல எந்தத் தோட்டாவும் எனக்கு அவ்வளவு ஒழுங்காப் பறந்ததில்ல. ஆத்துல வீசிடணும்னுதான் எடுத்தேன். பாலத்துல வண்டியை நிறுத்தினேன். பெட்டியைக் கையில எடுத்தேன். வீச மனசு வரல. மதியச் சுத்துக்கு வெச்சுக்கலாம்னு..."

"எனக்குக் கிடைக்கக் கூடாது, உங்களுக்கு வேணும்" என்றாள் ட்ரூடி. "காலையில என் தோளைத் தொட்டுக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க. அந்தக் கையாலதானே என் பூட்டை உடைச்சீங்க?"

கூட்டம் விலகி வழி விட்டது. ஓரின் தன் பந்தலுக்குப் போகாமல் நேராக வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்தார். கூட்டத்தில் நின்ற ஷெரீஃபின் போலீஸ்காரர் ஒருவர் அவசரப்படாமல் பின்னால் போனார்.

ஆர்லோ விரலை மடக்கி எண்ணினான். நான்காவது நல்ல மனுஷன்.

பக் தொண்டையைக் கனைத்தார். "சரி. விஷயம் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு. நீ சுட வேண்டியதில்ல ட்ரூடி. கோப்பையை நீயே வெச்சுக்கோ. போ."

"நீங்க போனாப் போகுதுன்னு குடுத்து நான் வெச்சுக்கணுமா?" ட்ரூடி பாயின் மேல் படுத்துவிட்டாள். "தோட்டாவைத் திருடினது அவர். என்னை ஏமாத்துக்காரின்னு சொன்னது நீங்க. இந்த எட்டுல உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எடுங்க. உங்க கையாலயே பிரிங்க. ஒவ்வொண்ணா நீங்களே குடுங்க. எடை போடணுமா, போட்டுக்குங்க."

பக் பெட்டிகளைப் புரட்டி அடியிலிருந்து ஒன்றை உருவினார். ஒட்டுத்தாளைக் கிழித்தார். முதல் தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கடைத் தோட்டாதான் என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்துபோனது. ஆனாலும் ட்ரூடி கையை நீட்டியபடியே இருந்ததால் கொடுத்தார்.

துப்பாக்கி முழங்கியது. பிறகு ஒரு நீண்ட அமைதி. ஆயிரம் கஜத்திலிருந்து 'டிங்' என்று ஒரு சன்னமான சத்தம் சோம்பலாக நடந்து வந்தது.

இரண்டாவது, டிங். மூன்றாவது, டிங். நான்காவதில் சத்தம் வரவில்லை. தகட்டுக்கு வலப்பக்கம் புழுதி கிளம்பியது. யாரோ "ஹா!" என்றார்கள்.

"அது காத்து. பாக்காதது என் தப்பு. தோட்டாவை யாரும் திட்டாதீங்க" என்றாள் ட்ரூடி, தலையைத் தூக்காமலே. அடுத்த ஆறும் ஒன்று விடாமல் தகட்டில் போய் மோதின. கடைசி 'டிங்' வந்தபோது சிரித்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லோ சோடா டப்பாவைத் தரையில் தட்டினான்.

பக் பாயருகே குனிந்தார். அவருக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. "மன்னிச்சுக்கோ ட்ரூடி. நான் அவசரப்பட்டுட்டேன்."

"இதை என் காதுல சொல்றீங்க. நேத்து ஏமாத்துக்காரின்னு எதுல சொன்னீங்க?"

பக் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். அதன் உச்சியில் ஒலிபெருக்கி. "மைக்குல."

"அப்போ அங்க போய்ச் சொல்லுங்க."

"ட்ரூடி, எனக்கும் ஒரு மரியாதை..."

"எனக்கும் இருந்துச்சு."

பக் கார்னெட்டைப் பார்த்தார். கார்னெட் அந்த நீலப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மாமன் கதையில் விட்ட இடத்தை யோசிப்பவள் போல வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் நடுவர் மேடை மேல் ஏறினார். மைக்கைத் தட்டினார். வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"கேக்கல!" என்று பாயிலிருந்து குரல் கொடுத்தாள் ட்ரூடி.

"நேத்து நடந்ததுல ஒரு சின்ன தவறு..."

"கேக்கல பக்!" இந்த முறை ஆர்லோவும் சேர்ந்து கத்தினான். நூல் வாங்க வருகிறவர்கள் நாலைந்து பேரும் கத்தினார்கள்.

பக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் இயல்பான, சண்டைக்கார, மலையை எழுப்புகிற குரலில் சொன்னார். "ட்ரூடி வெஸ்கோட் சுட்டது கடைத் தோட்டா! அவ ஏமாத்தல! பொய் சொன்னது நான்!"

எதிரே இருந்த குன்று கடைசி மூன்று வார்த்தைகளை எடுத்துத் திரும்பவும் ஒருமுறை சொன்னது. ட்ரூடி எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இப்பக் கேக்குது" என்றாள்.